ஒரே ஒரு கோடு

ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் பாதிப் பேருடைய கன்னம் அக்காவுடையது. மூக்கிலும் கணிசமான பங்கு அவருக்கு உண்டு. படங்களில் இருக்கும் கன்னத்தையும் மூக்கையும்தான் சொல்கிறேன். ஆனால் அக்கா அப்படிப் பிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, எதிரே போகிற பெரிய மனிதர் ஒருவரைக் காட்டி, "அந்தா போறாருல்ல, அவருக்கு நாடி போட்டது நான்தான்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். அந்த மனிதர் மோவாயைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் போய்விடுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்; இருவரும் எனக்கு உறவில்லை. அண்ணாச்சி அதிகம் பேசாதவர். முன்னறையில் அவர் படம் எடுப்பார்; உள்ளறையில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்து டச்சப் செய்வார். சாய்வான மரச் சட்டம், அதில் மங்கல் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஊசி மாதிரி சீவிய பென்சில், பாதியாக உடைத்த பிளேடு. அக்காவின் தொழிற்சாலை இவ்வளவுதான். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். பிளேடால் சுரண்டிய இடம் படத்தில் கறுக்கும். பருவை மறைக்கப் பென்சில், மீசையை அடர்த்தியாக்கப் பிளேடு. யார் கேட்டாலும், எவ்வளவு நேரம் செய்தாலும் அக்கா சொல்வது ஒன்றுதான்: "ஒரே ஒரு கோடுதான் போட்டேன்."

நான் மதுரையில் ஒரு மொத்த வியாபாரியிடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். ஃபிலிம், பேப்பர், கழுவுகிற ரசாயனம் எல்லாவற்றுக்கும் ஆர்டர் பிடிக்க மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் வருவேன். போன இடத்தில் எல்லாம் "தம்பி, ஆர்டர் அடுத்த மாசம்" என்று அனுப்பிவிடுவார்கள். இந்த ஸ்டூடியோவில் மட்டும் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். காப்பி குடித்து முடிக்கும்வரை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது பிரியத்தால் அல்ல. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டு, இரண்டு கன்னத்திலும் தழும்பு குழிகுழியாக உண்டு. சும்மா கிடக்கிற நல்ல நிலத்தை விவசாயி பார்ப்பதுபோல அக்கா என் கன்னத்தைப் பார்ப்பார்.

அவர் கை எல்லா நேரமும் நல்லது செய்தது என்று சொல்ல மாட்டேன். நூல் மில்லில் வேலை பார்த்த ஒருவர் மில்லின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். அவருக்குப் புருவத்தின் மேல் ஒரு பெரிய மரு. அக்கா அதை எடுத்துவிட்டார். எடுத்த கையோடு வழுக்கைக்குக் கொஞ்சம் முடியும் கொடுத்தார். மறுவாரம் அவரை மில் வாசலிலேயே வாச்மேன் நிறுத்திவிட்டார். அட்டையில் இருப்பவரைக் கூட்டி வா என்றாராம். அன்றைய ஷிப்ட் போயிற்று. மனிதர் நேரே ஸ்டூடியோவுக்கு வந்து கத்தினார். அக்கா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல ஒரு குறையும் இல்லயே. அந்த வாச்மேனுக்குக் கண்ணு சரியில்லன்னு நெனைக்கேன்" என்றார். அண்ணாச்சி இன்னொரு படம் எடுத்து, அதை உள்ளறைக்கே அனுப்பாமல் கொடுத்தார்.

இது தெரிந்தும் பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டிய என் படத்தை அக்காவிடம் கொடுத்தேன் என்றால், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஜாதகம் பொருந்தினால் முகம் பொருந்தவில்லை. அம்மா கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா ஒருநாள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே, "இந்தக் கன்னத்த என்கிட்ட விடு தம்பி" என்றார். விட்டேன்.

அடுத்த மாதம் படம் கைக்கு வந்தது. பார்த்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. கன்னம் வெண்ணெய்க் கட்டி. கண்ணில் ஒரு ஒளி. காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பிள்ளை குழந்தையில் இப்படித்தான் இருந்தான் என்று அழுதாள். தரகர் அதைத் தளவாய்புரத்தில் ஒரு வீட்டில் கொடுத்தார். அவர்கள் உடனே வரச் சொன்னார்கள்.

நானும் அம்மாவும் போய் உட்கார்ந்தோம். பெண்ணின் தாய்மாமன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மாப்பிள்ளை பின்னால வாராரா?"

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது. நேராக ஸ்டூடியோவுக்குப் போய் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அக்கா எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. "படத்தையும் உன்னையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பாத்தாக?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படின்னா தப்பு என்மேலதான். படத்தத் தனியா பாப்பாகன்னுல்ல நெனைச்சுச் செஞ்சேன்" என்றார். அக்கா தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணாச்சி மறுபடி என்னை உட்காரவைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்தார். இந்த முறை ஒட்டிய கவராகக் கொடுத்தார்கள். பிரித்துப் பிரித்துப் பார்த்து விரல் ரேகை பதிக்காமல் தரகரிடம் நேராகக் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. நானும் பார்க்கிற மனநிலையில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வரச் சொல்லி ஆள் வந்தபோது எனக்கு நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அம்மாவுக்காகப் போனேன்.

பெண்ணின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரம்பித்துவிட்டது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ முகம் மலர்ந்து அம்மாவிடம் சொன்னார்: "படத்தப் பாத்து நாங்க செத்த யோசிச்சது நெசந்தான். நேர்ல தம்பி எம்புட்டு லட்சணமா இருக்காரு."

என்னை யாரும் அதுவரை லட்சணம் என்று சொன்னதில்லை. அவர் படத்தை நீட்ட, வாங்கிப் பார்த்தேன். என் ஒவ்வொரு தழும்பும் இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தாடையில் இல்லாத ரோமம். ஜெயிலில் இருந்து அன்று காலை வெளியே வந்தவன் என்றால் யாரும் நம்புவார்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் உள்ளே காப்பி பலமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பால்கோவா வந்தது. அன்றே பேசி முடித்தார்கள்.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "பென்சில்ல ஏமாந்தோம். அதான் பிளேட எடுத்தேன். படத்தப் பாத்துட்டு வாரவுக நேர்ல பாத்து சந்தோசப்படணும். அதுக்கு ஒரே ஒரு கோடுதான் போட்டேன்."

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஓடைப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, இந்த முகத்துக்கு எப்படிச் சம்மதித்தாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. அவளுடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தை அனுப்பியிருக்கிறார்கள். தாலி கட்டுகிற அன்றுதான் அந்தப் பெண் ஆளைப் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் பொய் படத்தோடு நிற்கவும் இல்லையாம்.

"ஒங்க படத்தப் பாத்ததும் அப்பா வேண்டாம்னாரு. நான்தான் சரின்னேன்" என்றாள். "இம்புட்டு மோசமான படத்த அப்படியே குடுத்து விடுதாகன்னா, இவிய பொய் சொல்லுத ஆளா இருக்க மாட்டாகன்னு தோணிச்சு."

நான் ஓடைத் தண்ணீரில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். ராஜபாளையத்திலேயே அதிகமாகக் கைவைக்கப்பட்ட படம் அதுதான் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமல் போயிற்று. அவளோ வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, எங்கள் வீட்டில் கலப்படம் கிடையாது என்று பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டாள். பலசரக்குக் கடைக்காரர் மகள் வாயில் அது பெரிய பாராட்டு.

அன்றிலிருந்து அக்காமேல் எனக்கிருந்த பயம் இரட்டிப்பாகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? இந்த ஒன்றை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "நல்லா வந்த வேலையச் சொன்னா என்னப்பா?" என்று கேட்டாரே தவிர, சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்திலேயே அக்காவைச் சாப்பாட்டுக் கூடத்தில் மடக்கி வைக்க அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். அவரை அங்கேயே இருத்த அண்ணாச்சி மூன்று பந்தி உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கேள்வி. பிறகு என் மனைவி ராஜபாளையம் என்று ஆரம்பித்தாலே நான் வெயிலைப் பற்றிப் பேசுவேன்.

இதற்கிடையில் கலர் லேப் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் பெரிய மெஷின் வாங்கிப் போட்டார். விற்றதில் எனக்கும் கமிஷன் உண்டு. எல்லா ஸ்டூடியோவிலும் போய், இனி கையே வைக்க வேண்டாம், ரோலை உள்ளே விட்டால் படமாக வெளியே வரும், எல்லாம் ஆட்டோமேட்டிக் என்று சொல்லி வந்தேன். அக்காவிடமும் சொன்னேன். "கை வைக்காம எப்படித் தம்பி? பாத்திரத்தக்கூடக் கை வச்சுத்தான கழுவுதோம்" என்றார். இருந்தாலும் அண்ணாச்சி ஒரு கல்யாண ரோலை அனுப்பினார்.

மணப்பெண் சிவப்புப் பட்டு கட்டியிருந்தாள். மெஷின் படம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறதே என்று அதைத் தானாகவே குறைத்துவிட்டது. சேலை பார்க்கும்படி வந்தது. பெண்ணின் முகம் பச்சையாகிவிட்டது. அக்கா படங்களை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி லேபுக்கே போய்விட்டார். அந்த மெஷினில் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் இருக்கிறதே என்று ஆப்பரேட்டர் அவற்றைத் தொட்டதே இல்லை. "சேலை எது, மூஞ்சி எதுன்னு அதுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? நீ அமுக்கு" என்று அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு படமாகப் போடவைத்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. வாரம் ஒருமுறை போய் அந்த ஆப்பரேட்டரை மேய்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா பஸ்ஸில் இருந்து இறங்குவதைப் பார்த்தாலே அவன் டீ குடிக்கப் போய்விடுவானாம்.

ஆனால் மெஷினுக்கும் ஒரு நியாயம் உண்டு. தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் ஊரே படம் கேட்கும்போது, ஒரு மூக்குக்கு அரை நாள் எடுக்கிற அக்காவை நம்பி யாரும் நிற்க முடியாது. இதைச் சொன்னால், "அவசரமா வேணும்னா கண்ணாடியப் போயிப் பாக்கட்டும்" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஓதம் காத்து ஈரம் இறங்கியது. மாட்டியிருந்த என் படம் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டது. என் மனைவிக்குத் தாங்கவில்லை. நான் அதை மதுரையில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன். பழைய படங்களைச் சுத்தமாக்க அதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றான். சாயங்காலம் போனேன். "படம் பூரா ஒரே கீறலா இருந்துச்சு சார். எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றான்.

பையன் சொன்னதில் தப்பில்லை. அக்கா பிளேடால் போட்டவை கீறல்கள்தானே. பூஞ்சையோடு அவற்றையும், அவற்றோடு என் சொந்தத் தழும்பையும் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் துடைத்திருந்தது. தளவாய்புரத்துத் தாய்மாமன் தேடிய மாப்பிள்ளை ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டான்.

என் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். "யாரு இது?" என்றாள். நான் விளக்கினேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கு இந்த ஆளு வேண்டாம். அந்த ஸ்டூடியோவுல நெகட்டிவ் இருக்கும்ல, நாளைக்கே போவோம்" என்றாள். வெயிலைப் பற்றிப் பேச முடியாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அப்போது தலை நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி வந்திருந்தது. ஜன்னலோரச் சட்டம் அப்படியே இருந்தது. என் மனைவி கம்ப்யூட்டர் படத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அக்கா அந்தப் படத்தைப் பார்த்து, "அடப்பாவி, காதையும் ஒட்ட வச்சிருந்தாம்னா சரியாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்தார். நான் பலமாக இருமினேன். பிறகு டப்பாக்களைத் துழாவி நெகட்டிவை எடுத்தார். மங்கல் கண்ணாடியில் வைத்தார். வெளிச்சத்தில் பார்த்தால் பிளேடு போன தடம் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி கேட்டேவிட்டாள். "எல்லாருக்கும் நீங்க ஏதாச்சும் போடுவீங்கன்னு சொல்லுவாகளேக்கா. இதுல மட்டும் நீங்க ஒண்ணும் செய்யலதான?"

அண்ணாச்சி முன்னறையில் இருந்து எட்டிப் பார்த்தார். நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் நாடிக்கு உரிமை கொண்டாடுகிற மனுஷி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பதினைந்து வருஷக் குடும்பத்தில் நான் கலப்படச் சரக்காகிவிடுவேன். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது.

"இல்லம்மா" என்றார். "ஒன் வீட்டுக்காரரு மூஞ்சில நான் கையே வைக்கல."

சொல்லும்போதே குனிந்த வாக்கில் உள்ளங்கையால் நெகட்டிவை மூடிக்கொண்டார். என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எத்தனை படம் வேண்டும், என்ன அளவு என்று அண்ணாச்சியிடம் சொல்ல முன்னறைக்குப் போனாள்.

நான் அக்காவைக் கும்பிட்டேன். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காவின் கண் கலங்கியிருந்தது. கோபமாகத்தான் பேசினார், ஆனால் மெதுவாக.

"நான் செஞ்சதுலயே நல்ல வேலை இதுதான் தம்பி. அதப் போயி என் வாயாலயே இல்லன்னு சொல்ல வச்சிட்டியே."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். நெகட்டிவை மறுபடி வெளிச்சத்தில் வைத்து, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். கை தானாகப் பென்சிலைத் தேடியது. முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கோடு போட்டுக்கிடட்டுமா?"

போடுங்கக்கா என்றேன்.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போட்டார் என்று என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய படத்தைவிட இதில்தான் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள்.